கதம்பக் கச்சேரி

பணக்காரர்கள் கோடையைக் கழிப்பதற்கென்றே ஏற்பட்ட ஊர்கள் உலகத்தில் சில உண்டு. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு என்று ஒரு மாகாணம்; ஐம்பது மாகாணங்களிலும் பரப்பில் அதுதான் கடைக்குட்டி. அதன் கடலோரத்தில் இருக்கும் நியூபோர்ட் அப்படிப்பட்ட ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் முதலாளிகளும் அவர்களுக்குச் சரிசமமானவர்களும் அங்கே வரிசையாக மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். கட்டியதோடு விடாமல் அவற்றுக்குக் 'குடிசை' என்று பெயரும் வைத்தார்கள். வாண்டர்பில்ட் குடும்பத்துக் குடிசை ஒன்று 1895-ல் கட்டி முடிந்தது. அதில் அறைகள் எழுபது! பணம் அளவுக்கு மிஞ்சினால் அடக்கமும் அளவுக்கு மிஞ்சிவிடும் போலிருக்கிறது.

இந்த ஊரில் 1954 முதல் ஜாஸ் சங்கீத விழா நடந்து வருகிறது. நடந்து வருகிறது என்று சொன்னேனே ஒழிய, அது ஒழுங்காக நடந்து வந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நடுவில் நின்றிருக்கிறது, ஊரைவிட்டு ஓடியிருக்கிறது, பத்து வருஷம் கழித்து, காணாமல் போன பிள்ளை மாதிரி திரும்பி வந்து வாசலில் நின்றிருக்கிறது. அது பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம், மேடையில் யாரை ஏற்றலாம், யாரை ஏற்றக்கூடாது என்ற ஒரே தகராறுதான்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட நீக்ரோ மக்களின் சந்ததியார், நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஊர்களில் உண்டாக்கிய சங்கீதம் இது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் அவரவர் மனோதர்மப்படி வாசித்துக்கொண்டு போவது அதன் உயிர். இந்த விளக்கம் போதும் என்று நான் சொன்னால் ஜாஸ் ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஏனென்றால் எது ஜாஸ் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. 1940-களில் பழைய பாணிக்காரர்களுக்குப் புதிய பாணிக்காரர்கள் 'பூசணம் பிடித்த அத்திப்பழங்கள்' என்று பட்டம் கட்டினார்கள். பழையவர்கள் பதிலுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு கட்சியையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன என்று நினைத்தவர் ஜார்ஜ் வீன். பாஸ்டன் நகரத்தில் ஒரு ஜாஸ் விடுதி நடத்தி வந்தவர். தாமும் பியானோ வாசிப்பார். நியூபோர்ட்டில் குடியிருந்த லோரிலார்டு தம்பதி அவரை அழைத்து, பணமும் ஆதரவும் கொடுத்தார்கள். 1954 ஜூலை 17, 18 இரண்டு நாளும், பணக்காரர்கள் டென்னிஸ் ஆடும் புல்வெளியில் கச்சேரி. எடி காண்டனுடைய குழு பழைய பாணியில் ஆரம்பித்து வைத்தது. பிறகு அதே மேடையில் டிஸி கில்லெஸ்பி, மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட், லென்னி டிரிஸ்டானோ என்று புதுப் பாணிக்காரர்கள் வந்தார்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடினார். பில்லி ஹாலிடே பாடினார். பூசணம் பிடித்த அத்திப்பழமும் அப்போதுதான் பறித்த அத்திப்பழமும் ஒரே தட்டில்! சாப்பிட்டவர்கள் யாரும் செத்துப் போகவில்லை. அடுத்த வருஷமும் விழா நடத்துவதென்று தீர்மானமாயிற்று.

அடுத்த வருஷத்துக் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1955-ல் நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்ட பிறகு, இரண்டு பெரிய குழுக்களுக்கு நடுவே மேடையை மாற்றி அமைக்கும் நேரத்தை நிரப்புவதற்காகச் சிலரைச் சேர்த்து வாசிக்கச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் மைல்ஸ் டேவிஸ் என்ற டிரம்பெட் வித்வான். கொஞ்ச காலமாகப் போதை மருந்துப் பழக்கத்தால் சீரழிந்து, அப்போதுதான் அதிலிருந்து மீண்டிருந்தார். அச்சிட்ட நிரலில் அவர் பெயரே இல்லை. தெலோனியஸ் மங்க் இயற்றிய 'ரவுண்ட் மிட்நைட்' என்ற பாட்டை, மங்க்கே பியானோவில் உடன் இருக்க, அவர் வாசித்தார். கூட்டம் அசந்துவிட்டது. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியார் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் பெயரில்லாத நிரல் எதுவும் நிரலாக மதிக்கப்படவில்லை.

எனக்கு இது ஏன் பிடித்திருக்கிறது என்றால், என் முதல் கதை ஒரு பத்திரிகையில் வெளியானதும் இதே தினுசில்தான். விளம்பரம் ஒன்று கடைசி நிமிஷத்தில் வராமல் போய், அந்த ஒன்றரைப் பக்கத்தை அடைக்க என் கதையைப் போட்டார்கள். ஒரு பக்கம் தலைவலித் தைலம், மறுபக்கம் சினிமாச் செய்தி. தைலத்துக்காகப் புரட்டியவர்களும் சினிமாவுக்காகப் புரட்டியவர்களும் போகிற போக்கில் என்னைப் படித்தார்கள். அவர்களில் பத்துப் பேராவது கடுதாசி எழுதினார்கள். இலக்கியம் மட்டும் வெளியிடும் பத்திரிகையில் எழுதியபோது எனக்கு அந்தப் பத்துக் கடுதாசி வந்ததில்லை. ஆகவே கதம்பம் என்றால் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. நேயர்கள் அதைக் கழித்துவிட்டு மேலே படிக்க வேண்டும்.

1956 ஜூலை 7, சனிக்கிழமை. டியூக் எலிங்டனுடைய வாத்தியக் குழு கச்சேரியைத் தொடங்கவேண்டும். பெரிய குழுக்களின் காலம் மலையேறிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எலிங்டனுக்கு வயது ஐம்பத்தேழு. போதாக்குறைக்கு ஆட்களில் நாலு பேர் வந்து சேரவில்லை. இரண்டொரு உருப்படி வாசித்துவிட்டு அவர்கள் இறங்க வேண்டியதாயிற்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவர்கள் ஏறினார்கள், அவரவர் வாசித்தார்கள், கைதட்டல் வாங்கினார்கள். எலிங்டன் மணிக்கணக்காகக் காத்திருந்தார். மிருக வித்தையா, கழைக்கூத்தா, எங்களை எதில் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஜார்ஜ் வீனிடம் சீறினாராம். கதம்பத்தில் இது ஒரு சங்கடம். எத்தனை பெரிய பூவானாலும் நாரில் தன் இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மறுபடி மேடையேறும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. ஜனங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். விழாவுக்கென்றே தயாரித்த புது உருப்படியை வாசித்தார்கள். மரியாதைக்குக் கை தட்டினார்கள். அப்புறம் எலிங்டன் 1937-ல் தாம் அமைத்த பழைய உருப்படி ஒன்றை எடுத்தார். அது இரண்டு பாதி கொண்டது. இரண்டுக்கும் நடுவே ஸாக்ஸபோன்காரர் பால் கன்ஸால்வஸ் தம் இஷ்டத்துக்குக் கொஞ்சம் வாசிக்கலாம் என்று ஏற்பாடு. கன்ஸால்வஸ் பக்கத்து மாகாணத்தில் பிறந்தவர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து, பத்து... நிறுத்துகிற வழியாகக் காணோம். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோ ஜோன்ஸ் என்ற டிரம் வித்வான், கையிலிருந்த பத்திரிகையைச் சுருட்டித் தாளம் போட்டுக்கொண்டே உசுப்பினார். முன்வரிசையில் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்மணி எழுந்து ஆட ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்துக்கு முன் வீட்டுக்குக் கிளம்பியவர்கள் நாற்காலிகளின் மேல் ஏறி நின்றார்கள். இருபத்தேழு சுற்று வாசித்துவிட்டுத்தான் அந்த மனிதர் வாத்தியத்தை இறக்கினார். கலவரமாகிவிடுமோ என்று பயந்து, கச்சேரியை முடிக்கும்படி வீன் மேடை ஓரத்திலிருந்து ஜாடை காட்டினார். கலைஞர்களிடம் மரியாதைக்குறைவாக நடக்கலாகாது என்று எலிங்டன் விரலை ஆட்டிவிட்டு மேலும் வாசித்தார்.

ஆகஸ்டு 20-ம் தேதி 'டைம்' பத்திரிகையின் அட்டையில் எலிங்டன் படம் வந்தது. தாம் பிறந்தது 1956-ல் நியூபோர்ட்டில் என்று அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், கன்ஸால்வஸ் அன்றைக்கு இசைத்தட்டுக் கம்பெனியின் மைக்கில் வாசிக்கவில்லை. பக்கத்திலிருந்த ரேடியோக்காரர்களின் மைக்கைப் பார்த்து வாசித்துவிட்டார். ஆகவே தட்டில் அவர் வாசிப்பு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ரேடியோக்காரர்களின் ஒலிநாடா பின்னால் அகப்பட்டு, இரண்டையும் சேர்த்து 1999-ல் வெளியிட்ட பிறகுதான், அன்றிரவு நாற்காலி மேல் ஏறியவர்கள் எதற்காக ஏறினார்கள் என்பது மற்றவர்களுக்கு விளங்கியது.

விழா பிரபலமாகிவிட்டது. பிரபலமான விழாவுக்குக் கூட்டம் வேண்டும்; கூட்டத்துக்குத் தினுசு தினுசாகத் தீனி வேண்டும். 1958-ல் மஹேலியா ஜாக்ஸன் நள்ளிரவு கடந்து ஞானப்பாட்டுகள் பாடினார். அதே விழாவில் சக் பெர்ரி வந்து ராக் அண்டு ரோல் பாடிக்கொண்டே வாத்துமாதிரி நடந்து காட்டினார். பின்னால் உட்கார்ந்து வாசித்த ஜாஸ் வித்வான்கள் சிலர் முகத்தில் சிரிப்பு. சிலர் முகத்தில் வேறு ஏதோ. அந்த வருஷத்து விழாவை எடுத்த 'ஜாஸ் ஆன் எ ஸம்மர்ஸ் டே' என்ற படத்தில் இதையெல்லாம் பார்க்கலாம். அந்தப் படத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மங்க் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போது காமிராவைக் கடல் பக்கம் திருப்பிப் பாய்மரப் படகுப் பந்தயத்தைக் காட்டுகிறார்கள்; போதாதென்று பந்தயத்தைப் பற்றிய பேச்சையும் சங்கீதத்தின்மேல் ஏற்றிவிட்டார்கள். கதம்பம் கட்டும்போது மல்லிகையை நசுக்குகிற கை இது.

1960-ல் வினை வந்தது, இரண்டு உருவத்தில். மேடையில் இருக்கவேண்டிய இருவர், சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும், பெரிய பெயர்களுக்குப் பணம் கொட்டுகிறது, புதுவழி காட்டுகிறவர்களுக்குச் சில்லறை விழுகிறது என்று சொல்லி வெளியேறினார்கள். அதே ஊரில், அதே நாட்களில், கடலோர ஹோட்டல் ஒன்றில் போட்டி விழா நடத்தினார்கள். மேடை அமைத்ததும் பணம் வசூலித்ததும் வாத்தியக்காரர்களேதான். அங்கே யார் யார் வாசித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ், ஜோ ஜோன்ஸ் ஆகிய பழைய புலிகள், அவர்களோடு, வாசிப்பதே இரைச்சல் என்று பாதி ஊர் திட்டிக்கொண்டிருந்த முப்பது வயது ஆர்னெட் கோல்மன். எல்ட்ரிட்ஜுக்கு இவரிடம் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. இருந்தும் ஒரே மேடையில் ஏறினார்கள். பெரிய விழாவின் நிரலைப் பணப்பெட்டி எழுதியது. இவர்கள் நிரலை ரோஷம் எழுதியது. இரண்டும் கதம்பந்தான்.

மற்ற வினை வெளியிலிருந்து வந்தது. ஜூலை 2-ம் தேதி இரவு, உள்ளே இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான கல்லூரிப் பிள்ளைகள், பீர் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். கண்ணாடிகள் உடைந்தன, கண்ணீர்ப் புகை, தண்ணீர்க் குழாய், பட்டாளம் எல்லாம் வந்தன. நகரசபை மீதி விழாவை ரத்து செய்தது. மறுநாள் பிற்பகல் ப்ளூஸ் கச்சேரியை மட்டும் போனால் போகிறதென்று விட்டார்கள். மட்டி வாட்டர்ஸ் பாடினார். கடைசிக் கச்சேரி இதுதான் என்று தெரிந்ததும், விழாக் குழுவைச் சேர்ந்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், கையில் கிடைத்த தந்திக் காகிதத்தில் நியூபோர்ட்டுக்குப் பிரியாவிடை கூறும் பாட்டொன்றை அங்கேயே எழுதினார். களைத்துப் போயிருந்த மட்டிக்குப் பதிலாகப் பியானோக்காரர் ஓடிஸ் ஸ்பான் அதைப் பாடினார். விஷயம் என்னவென்றால், தெருவில் கண்ணாடி உடைத்தவர்கள் வேறு. பிழைப்பு போனவர்கள் வேறு.

அடுத்த வருஷம் வேறு முதலாளிகள் ஜூடி கார்லண்டையும் ஹாஸ்ய நடிகர் பாப் ஹோப்பையும் நிரலில் சேர்த்து நடத்திப் பார்த்தார்கள். 1962-ல் வீன் திரும்பி வந்தார். 1965-ல் ஃபிராங்க் ஸினாட்ரா ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பாடிவிட்டு, பாடிய கையோடு ஏறிப் போய்விட்டார். 1969-ல் லெட் ஸெப்பலின், ஸ்லை ஸ்டோன் முதலிய ராக் கோஷ்டிகளைச் சேர்த்தார்கள், வேலி முறிந்தது. இனி ராக் கூடாது என்று ஊரார் சொல்லிவிட்டார்கள்.

1970 ஜூலை 10-ம் தேதி லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு எழுபது வயது விழா. (உண்மையில் அவர் பிறந்தது 1901 ஆகஸ்டில் என்று ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பிற்பாடு தெரிந்தது. அவருக்கே தெரியாத விஷயத்துக்கு நாம் என்ன செய்ய?) மழை பெய்துகொண்டிருந்தது. மஹேலியா ஜாக்ஸனும் அவரும் சேர்ந்து ஒரு ஞானப்பாட்டுப் பாடினார்கள். இருவர் உடம்பும் நன்றாக இல்லை. அடுத்த வருஷம் ஜூலை 3-ம் தேதி, டியோன் வார்விக் உலகத்துக்குத் தேவை அன்பு என்று பாடிக்கொண்டிருக்கையில், பக்கத்துக் குன்றின் மேலிருந்த டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு மேடையிலேயே ஏறிவிட்டது. நாற்காலிகள் போயின, பியானோ போயிற்று, விழாவும் போயிற்று. மூன்று நாள் கழித்து, 6-ம் தேதி, நியூயார்க்கில் ஆர்ம்ஸ்ட்ராங் காலமானார். 1972 முதல் விழாவும் நியூயார்க்குக்குக் குடிபோயிற்று. நியூபோர்ட்டுக்கு அது திரும்பியது 1981-ல். இந்தத் தடவை துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் ஆடம்ஸ் கோட்டைக்கு.

அந்தக் கோட்டைக்குத்தான் சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில் நான் போனேன். என் தங்கை மகன் பக்கத்து ஊரில் உத்தியோகமாயிருக்கிறான். அவன், அவன் மனைவி, நான், மூவரும் படகில் போய் இறங்கினோம். கோட்டைக்குள்ளும் வெளியிலுமாக மூன்று மேடைகள். மூன்றிலும் ஒரே சமயத்தில் கச்சேரி! கையிலிருந்த நிரலைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நியூ ஆர்லியன்ஸ் பித்தளை வாத்தியக் கோஷ்டி ஒரு மேடையில். மின்சாரக் கிட்டார் ஒரு மேடையில். பியானோவோடு தன்னந்தனியாக ஒருவர் இன்னொரு மேடையில்.

"மாமா, ஒவ்வொன்றிலும் இருபது நிமிஷம். அப்படிப் போனால் சாயங்காலத்துக்குள் ஏழு கச்சேரி கேட்டுவிடலாம்" என்றான் பையன். ரயில் அட்டவணை போட்டிருந்தான்.

"நான் எங்கேயும் வரவில்லை. இங்கே நிழல் இருக்கிறது, இங்கேயே உட்காருகிறேன்" என்றாள் அவன் மனைவி.

நான் இரண்டுக்கும் நடுவாக, அவனோடு ஒரு மேடை போனேன். கைதட்டல் அடங்குமுன் அவன் எழுந்துவிட்டான். "நீ போ அப்பா" என்று சொல்லிவிட்டு, கடலோரத்துச் சிறு மேடைக்கு நடந்தேன். அங்கே மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர். பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்து என்னை உட்காரச் சொன்னார். விழாவுக்கும் தமக்கும் ஒரே வயசு என்றார்.

"வருஷா வருஷம் வருவீர்களா?"

"மூன்று நாளுக்கும் டிக்கெட் வாங்கிவிடுவேன். 1971-ல் மட்டும் வாங்கவில்லை" என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினார். "குன்றின் மேல் இருந்தேன். வேலியைத் தள்ளினவர்களில் நானும் ஒருவன்."

"ஏன் தள்ளினீர்கள்?"

"எல்லாரும் தள்ளினார்கள். சங்கீதம் எல்லாருக்கும் இனாமாகக் கிடைக்கவேண்டும் என்று அப்போது ஒரு பேச்சு. நாற்காலியை உடைத்தவர்கள் சங்கீதம் கேட்கவில்லை. அது உடைத்தபோதே தெரிந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம் இந்த ஊரில் விழா இல்லை. பத்து வருஷம்!"

மேடையில் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராத ஒரு பெண் ஸாக்ஸபோனை எடுத்து உதட்டில் வைத்தாள். எதிரே இருந்தவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். பெரிய மேடையிலிருந்து டிரம் சத்தம் காற்றில் வந்து அவள் வாசிப்பில் மோதிற்று. அவள் ஒரு கணம் நிறுத்தினாள், சிரித்தாள், அந்த டிரம்மின் நடையையே பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் அதனுடனேயே போய்விட்டு, அப்புறம் தன் வழிக்குத் திரும்பினாள். பெரியவர் என் தொடையில் தட்டினார். அவளுக்குப் பின்னால் துறைமுகத்தில் ஐம்பது அறுபது படகுகள் நங்கூரம் போட்டு நின்றன. டிக்கெட் வாங்காமல் கேட்பவர்கள். ஒரு படகில் துணி உலர்த்தியிருந்தார்கள். இன்னொன்றில் ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்து, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பையன் ஏழு கேட்டுவிட்டான். அவன் மனைவி கேட்டது மூன்று; நிழலைத் தேடிப் போன இடத்தில் ஒன்றுக்குப்பின் ஒன்றாக வந்ததாம். நான் கேட்டது ஒன்றரை. திரும்பிப் போகும் படகில் அவன் தன் ஏழையும் தரவாரியாக வரிசைப்படுத்திக்கொண்டே வந்தான். அந்தப் பெண்ணின் பெயரை நிரலில் தேடிப் பார்த்தேன். இல்லை. காலையில் வரவேண்டியவர் ஒருவர் விமானம் தவறி வரவில்லையாம். அவர் இடத்தில் அவளை நிறுத்தியிருக்கிறார்கள் என்று படகுக்காரன் சொன்னான்.